கல்பாக்கம் அணு உலை: உலோகம் தாங்குமா, சோடியம் எரியுமா, காற்றும் கடலும் என்ன ஆகும்? 50 ஆண்டு ஆராய்ச்சியில் தெரிய வந்தது என்ன?

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் கல்பாக்கம் சுமார் 60 கி.மீ. நேர்கோட்டில் அளந்தால் 40 கி.மீ. சொச்சம்தான். தென் சென்னைப் புறநகரில் வசிக்கும் பலருக்கும் அந்த ஊர் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: ‘அங்கே அணு உலை இருக்கு.’ ஏதாவது செய்தி வந்தால் உடனே எழும் கேள்வியும் ஒன்றுதான்: ‘நமக்கு ஒண்ணும் ஆகாதே?’

இந்தக் கேள்விக்கு ‘ஆகாது’ என்றோ ‘ஆகும்’ என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சுலபம். ஆனால், எந்தப் பதிலுக்கும் பின்னால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உலைக்குள் இருக்கும் உலோகம் எவ்வளவு நாள் தாங்கும்? உள்ளே ஓடும் திரவமும் எரிபொருளும் ரசாயன ரீதியாக எப்படி நடந்துகொள்ளும்? வெளியே வருவது காற்றையும் கடலையும் என்ன செய்யும்? இந்த மூன்றையும் கல்பாக்கத்தில் 1970-களில் இருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். அதில் என்ன கண்டுபிடித்தார்கள், எங்கே சறுக்கினார்கள், அது ஏன் முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

கல்பாக்கத்தில் இருப்பது ஒரே ஒரு உலையா?

இல்லை. இங்கேதான் பலருக்கும் குழப்பம். கல்பாக்கம் என்பது ஒரு வளாகம். அதில் பல அமைப்புகள் இருக்கின்றன.

சென்னை அணுமின் நிலையம்: தலா 220 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு கனநீர் உலைகள். முதல் உலையில் 1983 ஜூலையிலும், இரண்டாவதில் 1985 ஆகஸ்டிலும் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது. இந்தியர்களே வடிவமைத்துக் கட்டிய முதல் அணுமின் நிலையம் இதுதான்.

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்: 1971-ல் ‘அணு உலை ஆராய்ச்சி மையம்’ என்ற பெயரில் தொடங்கியது. 1985 டிசம்பரில் இப்போதைய பெயர் வந்தது. இங்கே இருக்கும் சோதனை ஈனுலை 1985 அக்டோபர் 18-ல் இயங்கத் தொடங்கியது.

அதிவேக ஈனுலை: 500 மெகாவாட் திறன் கொண்ட முன்மாதிரி உலை. இதைக் கட்ட 2003-ல் ‘பாவினி’ என்ற அரசு நிறுவனம் உருவாக்கப்பட்டது. 2004-ல் கட்டுமானம் தொடங்கியது. 2024 மார்ச் 4-ல் பிரதமர் மோடி முன்னிலையில் இதன் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியது.

இவை தவிர, பயன்படுத்திய எரிபொருளில் இருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுக்கூடங்கள் ஆகியவையும் இதே வளாகத்தில்தான் இருக்கின்றன.

ஈனுலை என்றால் என்ன?

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் அதிகம். அதனால்தான் 1950-களில் ஹோமி பாபா மூன்று கட்டத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். முதல் கட்டத்தில் கனநீர் உலைகள். அவற்றில் எரிந்து முடிந்த எரிபொருளில் புளூட்டோனியம் கிடைக்கும். இரண்டாவது கட்டத்தில் அந்தப் புளூட்டோனியத்தை வைத்து ஈனுலைகள். மூன்றாவது கட்டத்தில் தோரியம்.

‘ஈனுதல்’ என்றால் பிறப்பித்தல். கன்று ஈன்ற பசு என்கிறோம் அல்லவா, அதே ஈனுதல்தான். இந்த உலை எரிபொருளை எரித்துக்கொண்டே, எரித்ததைவிடக் கூடுதலாகப் புது எரிபொருளை உண்டாக்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. இதற்கு நியூட்ரான்கள் வேகம் குறையாமல் பாய வேண்டும். அந்த வேகம்தான் உலோகத்துக்கு எமன்.

முதல் கேள்வி: உலோகம் தாங்குமா?

1967-ல் பிரிட்டனில் டவுன்ரே ஈனுலையில் இருந்து எடுத்த துருப்பிடிக்காத எஃகை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த விஞ்ஞானிகளுக்கு அதிர்ச்சி. எஃகுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெற்றுக்குழிகள் இருந்தன. வேகமான நியூட்ரான்கள் மோத மோத, எஃகில் இருக்கும் அணுக்கள் தங்கள் இடத்தை விட்டுத் தள்ளப்படுகின்றன. அப்படிக் காலியாகும் இடங்கள் ஒன்று சேர்ந்து குழிகளாகின்றன. விளைவு, எஃகு உப்புகிறது.

வீட்டுக் கதவு மழைக்காலத்தில் உப்பினால் இழைத்துவிடலாம். அணு உலைக்குள் அது முடியாது. கல்பாக்கம் அதிவேக ஈனுலையில் எரிபொருள் நிரப்பிய குழாய் ஒவ்வொன்றும் 6.6 மில்லிமீட்டர் தடிமன். அதன் சுவர் 0.45 மில்லிமீட்டர்தான். இப்படி 217 குழாய்கள் சேர்ந்து ஒரு கட்டு. மொத்தம் 181 கட்டுகள். கணக்குப் போட்டால் 39,277 குழாய்கள். இவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் குளிர்விக்கும் சோடியம் ஓட வேண்டும். குழாய்கள் உப்பினாலோ வளைந்தாலோ ஓட்டம் தடைபடும், வெப்பம் ஏறும்.

இதற்கு என்ன வழி? எஃகைச் சூடாக்காமல் இழுத்து இறுக்குவது ஒரு வழி. சோதனை ஈனுலையின் முதல் எரிபொருள் குழாய்கள் அப்படி இறுக்கப்பட்ட எஃகில்தான் செய்யப்பட்டன. அடுத்த படி, எஃகின் கலவையையே மாற்றுவது. 15 சதவீதம் குரோமியம், 15 சதவீதம் நிக்கல், கொஞ்சம் டைட்டானியம் சேர்த்த ‘டி-9’ என்ற கலவை அதிவேக ஈனுலைக்குத் தேர்வானது. இது உப்பத் தொடங்குவதற்கு நீண்ட காலம் பிடிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதிக வெப்பத்தில், தொடர்ந்து பாரம் தாங்கும் உலோகம் மெல்ல மெல்ல நீளும். இதைச் சோதிக்க ஒரு துண்டு எஃகை உலையில் சூடாக்கி, எடை தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு லட்சம் மணி நேரச் சோதனை என்றால் 11 ஆண்டுகளுக்கு மேல். சோதனையைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற பிறகு முடிவைப் படிப்பவர் வேறொருவராக இருக்கலாம். உலை 40 ஆண்டு ஓட வேண்டும் என்றால் இந்தப் பொறுமைக்குக் குறுக்கு வழி கிடையாது. இந்த மையத்துக்குத் தலைமை வகித்தவர்களில் சி.வி.சுந்தரம், பிளாசிட் ரோட்ரிக்ஸ், பல்தேவ் ராஜ் ஆகியோர் உலோகவியல் துறையில் இருந்து வந்தவர்கள் என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது.

உலோகம் ஏமாற்றிய கதை

ஆய்வுக்கூடத்தில் பார்த்தது ஒரு பக்கம். நிஜத்தில் நடந்தது இன்னொரு பக்கம்.

1980-களின் இறுதியில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளிலும் கனநீரை உள்ளே செலுத்தும் சிர்க்கோனியக் கலவை அமைப்பு உடைந்தது. அது உலைக் கலனுக்குள்ளேயே இருந்ததால் சாதாரணமாகக் கழற்றி மாட்ட முடியாது. கனநீர் போகும் வழியையே மாற்றி உலைகளை மறுபடி ஓட்டினார்கள். ஆனால், ஒவ்வொரு உலையின் திறனும் 170 மெகாவாட்டாகக் குறைந்தது. பல ஆண்டுகள் அப்படியேதான் ஓடின.

அடுத்து, எரிபொருளைத் தாங்கும் அழுத்தக் குழாய்கள். ஒவ்வொரு உலையிலும் இப்படி 306 குழாய்கள். முதலில் போட்ட கலவை நாளடைவில் ஹைட்ரஜனை உறிஞ்சி முறுக்குத் தட்டு மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்பது தெரிந்தது. 2000-களின் தொடக்கத்தில் இரண்டு உலைகளிலும் குழாய்களை ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். புதிய குழாய்களில் 2.5 சதவீதம் நயோபியம் சேர்த்த சிர்க்கோனியம். அதன் பிறகுதான் பழைய 220 மெகாவாட் திறன் திரும்பியது.

பிரான்ஸ் தராத எரிபொருள்

சோதனை ஈனுலைக்கு மாதிரி பிரான்ஸின் ‘ராப்சோடி’ உலை. 1969-ல் ஒப்பந்தம் போட்டார்கள். செறிவூட்டிய யுரேனியமும் அங்கிருந்து வரும் என்பது திட்டம். 1974-ல் போக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியதும் கணக்கு மாறியது. யுரேனியம் வரவில்லை.

உலை பாதி கட்டி நிற்கிறது, எரிபொருள் இல்லை. என்ன செய்வது? கையில் இருந்தது புளூட்டோனியம். அதன் ஆக்சைடை அதிக அளவில் சேர்த்தால் சோடியத்தோடு ஒத்துப்போகாது. அதனால் உலகில் வேறெங்கும் ஒரு உலையின் முழு எரிபொருளாக இயக்கிப் பார்க்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இதைத் தயாரித்தது. கார்பைடு பொடி காற்று பட்டாலே தீப்பிடிக்கும் சுபாவம் கொண்டது. மந்த வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் வேலை செய்ய முடியும்.

முன் அனுபவம் இல்லாததால் ஒரேயடியாக ஓட்டிப் பார்க்கவில்லை. கொஞ்சம் எரித்து வெளியே எடுத்து, தடித்த சுவர் கொண்ட அறைகளில் கருவிகளால் அறுத்து, உள்ளே விரிசல் உண்டா, வீக்கம் உண்டா என்று பார்த்து, சரியாக இருந்தால் அடுத்த கட்டம். இப்படி ஏறி ஏறி, ஒரு டன் எரிபொருளில் இருந்து 1,65,000 மெகாவாட்-நாள் வெப்பம் எடுக்கும் அளவுக்குப் போனார்கள். கனநீர் உலையில் ஒரு டன் இயற்கை யுரேனியத்தில் இது சுமார் 7,000-தான். ஆனாலும், உலை அதன் முழு வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தை எட்டியது 2022-ல்தான். தொடங்கி 36 ஆண்டுகள் கழித்து!

இரண்டாவது கேள்வி: சோடியம் எரியாதா?

எரியும். அதில் சந்தேகமே வேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருக்கும் அதே சோடியம்தான். தண்ணீர் பட்டால் வெடிக்கும், சூடாக இருக்கும்போது காற்று பட்டால் எரியும். அதிவேக ஈனுலையில் இருப்பது சுமார் 1,750 டன்.

அப்புறம் ஏன் இதைப் பயன்படுத்துகிறார்கள்? தண்ணீரைப் பயன்படுத்தினால் நியூட்ரானின் வேகம் குறைந்துவிடும். ஈனுலை வேலை செய்யாது. சோடியம் வேகத்தை அவ்வளவாகக் குறைக்காது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும். 98 டிகிரி செல்சியஸில் உருகி, 883 டிகிரியில்தான் கொதிக்கும். உலையில் அது சுமார் 400 முதல் 550 டிகிரி வரைதான் சூடாகிறது. எனவே தண்ணீர் உலைபோலப் பெரிய அழுத்தம் தேவையில்லை.

சுத்தமான சோடியம் எஃகை அரிக்காது. அதில் கலக்கும் ஆக்சிஜன்தான் வில்லன். அதனால் சோடியத்தில் ஒரு பகுதியைத் தனியே பிரித்துக் குளிர்விப்பார்கள். வெப்பம் குறைந்ததும் ஆக்சைடு அழுக்கு படிந்து நின்றுவிடும். நெய்யை ஆறவைத்தால் கசண்டு அடியில் தங்குவது போலத்தான்.

மிகவும் ஆபத்தான இடம் நீராவி உற்பத்திக் கலன். ஒரு பக்கம் சோடியம், இன்னொரு பக்கம் அதிக அழுத்தத்தில் தண்ணீர். நடுவே குழாய்ச் சுவர் மட்டும். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் வினை நடந்து, அதன் வேகத்தில் பக்கத்துக் குழாயும் அரிபடும். இந்த வினையில் ஹைட்ரஜன் உருவாகும். சோடியத்தில் ஹைட்ரஜன் துளி கூடினாலும் காட்டிக்கொடுக்கும் உணரிகளைக் கல்பாக்கம் வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். ஓட்டை பெரிதாகும் முன்பே உலையை நிறுத்த இதுதான் வழி. குழாய்களில் இணைப்புகளைக் குறைக்க, 23 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாகச் செய்த குழாய்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஜப்பானின் மோஞ்சு ஈனுலையில் 1995 டிசம்பர் 8-ல் வெப்பமானியின் உறை அதிர்வில் முறிந்து சோடியம் கசிந்து தீப்பிடித்தது. கதிரியக்கம் வெளியே வரவில்லை. ஆனால், விபத்து வீடியோவின் ஒரு பகுதியை நிர்வாகம் மறைத்தது அம்பலமானது. தீயைவிட அந்த மறைப்புதான் மக்களின் நம்பிக்கையைக் கெடுத்தது. 2016-ல் உலையையே மூட முடிவெடுத்தார்கள்.

மூன்றாவது கேள்வி: காற்றும் கடலும்?

மின் உலை ஓடத் தொடங்கியது 1983-ல். ஆனால், கல்பாக்கத்தில் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் 1974-லேயே வந்துவிட்டது. உலையே இல்லாத இடத்தில் கதிரியக்கத்தை அளப்பது ஏன்?

இதற்குப் பதில் கல்பாக்கம் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. அந்த மணலில் மோனசைட் கனிமம் உண்டு. அதில் தோரியம் உண்டு. உலை வராமல் இருந்திருந்தாலும் சில இடங்களில் கருவியை வைத்தால் அதிகமாகத்தான் காட்டும். போதாக்குறைக்கு, 1950, 60-களில் வல்லரசுகள் வானில் வெடித்த குண்டுகளின் மிச்சமாக சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 உலகம் முழுக்க மண்ணில் படிந்திருந்தன. இதையெல்லாம் முன்கூட்டியே அளந்து எழுதி வைக்காவிட்டால், நாளை ஒரு எண் கூடினால் அது மணலா, பழைய குண்டா, புது உலையா என்று யாராலும் சொல்ல முடியாது. உலை நிர்வாகமும் தப்பிக்க முடியாது. வீணாகப் பழி போடவும் முடியாது. அந்த முதல் அளவுதான் இரு தரப்புக்கும் சாட்சி.

பால், மீன், அரிசி, காய்கறி, குடிநீர், காற்று, கடல்நீர் எனச் சுற்றுவட்டாரத்தில் இருந்து மாதிரிகள் எடுத்துப் பார்ப்பது இந்த ஆய்வின் அன்றாட வேலை.

புகைபோக்கி வழியாக என்ன வருகிறது? இந்த உலைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ட்ரிட்டியம். கனநீரில் உருவாகும், பாதியாகக் குறைய 12.3 ஆண்டுகள் ஆகும். இன்னொன்று, ஆர்கான்-41. உலைக் கலனைச் சுற்றி நிரப்பிய காற்றில் நியூட்ரான் படுவதால் உருவாகும். 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அடுத்துக் கட்டிய நரோரா முதலான நிலையங்களில் அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரப்பினார்கள். ஆர்கான் பிரச்சினை பெருமளவு குறைந்தது.

கடலில் என்ன நடக்கிறது? உலையைக் குளிர்விக்கக் கடலடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள். அதில் பச்சை ஆளிகள் ஒட்டி வளர்ந்து பாதையை அடைத்தன. ஆளிகளைத் தடுக்கக் குளோரின் வேண்டும். குளோரின் கூடினால் கடல் உயிர்களுக்குக் கேடு. எவ்வளவு போதும் என்பதே தனி ஆராய்ச்சியானது. திருப்பி விடும் தண்ணீரும் கடலைவிடச் சூடாக இருக்கும். இந்த வெப்ப வித்தியாசம் 7 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது சுற்றுச்சூழல் விதி.

தவறே நடக்கவில்லையா?

நடந்தது. பதிவிலும் இருக்கிறது.

1987 மே: சோதனை ஈனுலையில் எரிபொருள் கட்டை இடம் மாற்றும்போது அது வளைந்து சிக்கியது. உலை மீண்டும் இயங்க 2 ஆண்டுகள் ஆயின.

1999 மார்ச் 26: சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் கனநீர்க் கசிவு.

2002: சோதனை ஈனுலையின் சோடியம் சுத்திகரிப்பு அறையில் 75 கிலோ சோடியம் கசிந்தது.

2003 ஜனவரி: எரிபொருள் மறுசுழற்சி ஆலையில் ஊழியர்கள் 6 பேர் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இந்தத் தகவல் பொதுவெளிக்கு வரப் பல மாதங்கள் ஆயின.

2004 டிசம்பர் 26: சுனாமி. முதல் உலை குழாய் மாற்றும் பணிக்காக ஏற்கனவே நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதிவேக ஈனுலையின் அஸ்திவாரக் குழிக்குள் கடல்நீர் புகுந்தது. ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் உயிரிழப்புகள் ஏற்பட்டன.

தாம்பரத்துக்கு என்ன சம்பந்தம்?

அவசரகாலத் திட்டத்தின் எல்லை, உலையைச் சுற்றி 16 கி.மீ. மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் இதற்குள் வரும். திருப்போரூர், கேளம்பாக்கம், வண்டலூர், தாம்பரம் எல்லாம் வெளியே. மாவட்ட நிர்வாகத்தின் அவசரகால ஒத்திகைகளும் அந்த 16 கி.மீ. வட்டத்தை மனதில் வைத்துத்தான் நடக்கின்றன.

ஆனால், காற்றுக்கு வட்டம் தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் காற்று பெரும்பாலும் கடலை நோக்கிப் போகும். வடகிழக்குப் பருவத்தில் கடலில் இருந்து நிலத்துக்கு வரும். கோடை மதியங்களில் தாம்பரம்வாசிகள் காத்திருக்கும் அந்தக் கடற்காற்று தென்கிழக்கில் இருந்து வரும். கல்பாக்கம் இருப்பதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். அதனால்தான் கல்பாக்கத்தில் உயரமான கோபுரங்கள் அமைத்து, எந்த மாதம் எந்த நேரம் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பதிவு செய்கிறார்கள்.

எண்களில் சொன்னால், பொதுமக்களுக்கு அணு நிலையங்களால் வரக்கூடிய கதிர்வீச்சின் உச்சவரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இயற்கையிலேயே ஒரு மனிதருக்குக் கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட்.

அளப்பது யார்?

கடைசிக் கேள்வி இதுதான். கல்பாக்கத்தில் உலையை இயக்குவதும், ஆராய்ச்சி செய்வதும், சுற்றுச்சூழலை அளப்பதும் எல்லாமே அணுசக்தித் துறையின் கீழ் வரும் அமைப்புகள். கண்காணிக்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சட்ட அதிகாரமும் சுதந்திரமும் இல்லை என்று மத்திய தணிக்கைத் துறை 2012-ல் அறிக்கை கொடுத்தது. தனி அமைப்பு ஒன்று அளக்க வேண்டும் என்று உள்ளூர் மக்கள் கேட்பதன் நியாயம் இங்கே இருந்துதான் வருகிறது.

1974-ல் தொடங்கிய அந்த அளவுகள் ஒரு பொக்கிஷம். அடுத்த முறை கல்பாக்கம் பற்றி ஏதாவது செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றினால், கேட்க வேண்டியது மூன்று: எந்தப் பொருள் வெளியே வந்தது, எவ்வளவு வந்தது, அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது? இந்த மூன்றுக்கும் எண்ணோடு பதில் சொல்பவரை நம்பலாம். பதில் சொல்லாமல் ‘பயப்படாதீங்க’ என்று மட்டும் சொல்பவரிடமும், ‘ஓடுங்க’ என்று மட்டும் சொல்பவரிடமும் மறுபடி அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.